முள்ளாயி வளையில் அடைத்த வெண்பனி

தேக்கங்காட்டில் அதுவரை வெண்பனி கொட்டியதே இல்லை. வெயில் காடு அது. மார்கழியிலும் எருமைகள் குட்டையில்தான் கிடக்கும். அப்படிப்பட்ட காட்டில் ஒருநாள் விடிந்தபோது தரையெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது!

முள்ளாயி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வளைக்குள் பதுங்கியிருந்தாள். பாறைக்கு அடியில் நான்கு மாதம் பாடுபட்டுத் தோண்டிய வளை. அந்தக் காட்டிலேயே ஈரம் அண்டாத வளை அது ஒன்றுதான்.

வெளியே காட்டுத் தலைவர் கரடியார் வெண்பனியை அள்ளி அள்ளித் தின்றார். "ஆகா! இது சித்திரையில கிடைச்சா எப்படி இருக்கும்!"

நரியின் வாய் சும்மா இருக்குமா? "ராசா, நான் வடக்கே நாலு குளிர்காலம் இருந்தவன். அங்கே இதை வளைக்குள்ள அடைச்சுக் கல்லை வெச்சு மூடிடுவாங்க. கோடை முழுக்க எடுத்துத் தின்பாங்க!" என்றது. அது பக்கத்து ஓடையைக்கூடத் தாண்டியதில்லை.

குட்டையிலிருந்த வரித்தலை வாத்துக்குப் பொறுக்கவில்லை. ஆண்டுதோறும் வடக்கு மலைகளைத் தாண்டி வரும் விருந்தாளி அது. "அங்கே குஞ்சு பொரிச்சவ நான். குளம் உறைஞ்சு, ஒரு புல்லும் கிடைக்காமத்தான் இங்க ஓடி வர்றோம். கொஞ்சம் சூடு பட்டாலும் இது தண்ணியாப் போயிடும், ராசா!"

"ஊர் ஊராத் திரியறவளுக்கு நம்ம மேல பொறாமை!" என்றது நரி.

கரடியார் தலையாட்டினார். "ஈரம் படாத வளை எது?"

எல்லோரும் முள்ளாயி வளையைப் பார்த்தார்கள்.

"இது என்ன அநியாயம்! இந்தக் குளிர்ல பச்சைக் குட்டிகளை எங்க கொண்டு போவேன்?" முள்ளாயியின் முட்கள் சிலிர்த்து நின்றன. யார் காதிலும் அது ஏறவில்லை. "வெளியே தள்ளுங்க!" என்றார் கரடியார். குட்டிகளை வெளியே தள்ளினார்கள். குரங்குகளும் முயல்களும் வெண்பனியைச் சுமந்துவந்து கொட்டின. புதரடியில் இரண்டு குட்டிகள் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் சுமந்தன!

மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கரடியார் ஆசையோடு கல்லை நகர்த்தினார். உள்ளே முழங்கால் அளவு சேறு. ஒரு பக்கம் இடிந்தே போயிருந்தது.

"திருட்டு!" என்று கத்தியது நரி. "இந்த வளையோட மூலைமுடுக்கெல்லாம் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். இவதான் தின்னுட்டா! காட்டைவிட்டே துரத்துங்க!"

முள்ளாயி நரியின் முன்னால் வந்து நின்றாள். வீட்டையும் பிடுங்கிக்கொண்டு, திருடி என்ற பட்டமுமா?

வெயில் நுழையாத பாறை இடுக்கில் ஒரு பிடி வெண்பனி மிச்சம் இருந்தது. அதை எடுத்து நரியின் கையில் வைத்தாள். "எல்லாரும் பார்க்க இறுக்கிப் பிடி! நான் கிட்டவே வரமாட்டேன். இது காணாமப் போனா, திருடன் நீதான்!"

நரி பிடித்தது. விரலிடுக்கில் சொட்டியது. இன்னும் இறுக்கியது. இன்னும் வேகமாகச் சொட்டியது. கடைசியில் கையை விரித்தால் வெறும் ஈரம்!

"எங்கடா போச்சு?" என்று உறுமினார் கரடியார்.

"தண்ணியா... தண்ணியாப் போச்சு, ராசா."

"அன்னைக்கே சொன்னேனே!" என்றது வாத்து.

கரடியார் நரியைச் சேற்றுக்குள் தள்ளி, "முழுசும் அள்ளிப் போடு!" என்றார். பிறகு முள்ளாயியிடம் குரலைத் தாழ்த்தி, "வளை காயற வரைக்கும் என் குகையில குட்டிகளோட இரும்மா" என்றார்.

"இருக்கேன். ஆனா பொய் சொன்னதுதான் நரி வேலை. என் குட்டிகளை வெளியே தள்ளச் சொன்னது நீங்க! நீங்களும் இறங்கி அள்ளுங்க, ராசா!"

காடே திரும்பிப் பார்த்தது. கரடியார் சேற்றில் இறங்கினார்.

கண்ணால் கண்டவர் சொல்லைத் தள்ளிவிட்டுப் புளுகனை நம்பி எளியவரின் வீட்டைப் பறிக்கும் தலைவன், அந்தச் சேற்றைத் தன் கையாலேயே அள்ள வேண்டும்.