மிர்த்தோ பாடி ஜெயித்த கதை

அந்தக் காலத்தில், யவனர்கள் வாழ்ந்த கிரேக்க தேசத்து மலைச்சரிவுகளில், பாட்டுத்தான் முதலில் காதில் விழும். பாடுகிற ஆடு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். ஆடு, கழுதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். பேச்சு எல்லாருக்கும் உண்டு. குழல்போல இழைகிற குரல் ஆட்டுக்கு மட்டும்தான்.

மிர்த்தோ என்கிற கிழட்டு வெள்ளாடு அன்றைக்கும் பாடிக்கொண்டேதான் மலையிறங்கினாள். பின்னால் எஜமான் தெரோன், இரட்டைக்குழல் ஊதுகிறவன். பக்கத்தில் மது ஜாடி சுமந்த கழுதை. கால்களுக்குள் புகுந்து புகுந்து வந்தது அவளுடைய சப்பைமூக்குக் குட்டி.

கீழே மதுத் தெய்வத்தின் திருவிழா. இரண்டு ஊர்க்காரர்கள் முகமூடி கட்டிக்கொண்டு போட்டி போட்டுப் பாடுவார்கள். ஊருக்கொரு குட்டி கொண்டுவர வேண்டும். ஜெயித்த ஊரின் குட்டி தெய்வத்துக்குப் பலி. அது அவர்களுக்குப் பெருமை. தோற்ற ஊர் தன் குட்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்.

மிர்த்தோ வருஷா வருஷம் தன் ஊருக்காகப் பாடி ஜெயித்துக் கொடுத்தவள். வருஷா வருஷம் தன் குட்டியைப் பலிக்கு விட்டு, மடி கனக்கத் தனியாகத் திரும்பியவள். அடுத்த ஈற்று இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். இது கடைசி ஈற்று.

"என்ன அக்கா, சுருதி சுத்தமா இருக்கே! இந்த வருஷமும் கொடிமாலை நமக்குத்தான்" என்றது கழுதை.

"மாலை எஜமானுக்கு. எனக்கு என்ன மிஞ்சும்னு உனக்குத் தெரியாதா?"

கழுதை காதைத் தொங்கப் போட்டது. "அப்போ பாடாதே."

"வாயை மூடிக்கிட்டு நின்னா தடி சும்மா இருக்குமா?"

"கெடுத்துப் பாடேன், என்னை மாதிரி. என்னை எவனாவது பாடக் கூப்பிட்டிருக்கானா? நிம்மதியா இருக்கேன்."

மிர்த்தோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்தபோது முடிவும் செய்துவிட்டிருந்தாள்.

எதிர் ஊர்க்காரர்கள் முதலில் பாடினார்கள். திராட்சைப் பாட்டு, சனம் தொடை தட்டிச் சிரித்தது. அதுவரைக்கும் திருவிழாப் பாட்டென்றால் சிரிக்கத்தான். பிறகு தெரோன் குழலெடுத்தான். குட்டியைப் பலிபீடத்தருகே கட்டியிருந்தார்கள். மிர்த்தோ வேண்டுமென்றே குரலை உடைத்தாள். பாதியில் அறுத்து, மறுபடி இழுத்தாள். குட்டி தலை தூக்கி அம்மாவைப் பார்த்தது. அதற்குப் பிறகு குரலை அவள் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

சரிவு முழுக்கச் சத்தம் அடங்கிப்போனது. தோற்றாயிற்று என்று நினைத்தாள். அப்போது எங்கிருந்தோ ஒரு விசும்பல். கடலில் மகனைப் பறிகொடுத்த படகோட்டி ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனைப் பார்த்து அடுத்தவன். எதிர் ஊர்ப் பாட்டுக்காரன் முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.

"இத்தனை வருஷமா எங்கேய்யா இருந்துச்சு இந்தப் பாட்டு? ஜெயிச்சது நீங்கதான், தெரோன்."

"வேண்டாம், தப்பாப் பாடிட்டேன்!" என்று மிர்த்தோ கத்தினாள். அதுவும் நடுங்கியே வந்தது. பாட்டின் மிச்சமென்று எண்ணி, சனம் இன்னும் அழுதது.

குட்டியின் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அது சிலிர்த்துக்கொண்டது. சம்மதம் கொடுத்துவிட்டது என்றார்கள்.

உடைந்த குரல் பிறகு ஒட்டவேயில்லை. அன்று முதல்தான் ஆடு கத்தினால் குரல் நடுங்குகிறது. யாரோ ஒருவருடைய துக்கத்தை மேடையேற்றிவிட்டு, ஊர் கூடி உட்கார்ந்து அழுவதும் அன்று முதல்தான். அந்த மாதிரிச் சோக நாடகத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயருக்கே ஆட்டுப்பாட்டு என்றுதான் அர்த்தம்.

மறுநாள் விடிந்ததும் தெரோன் கொடிமாலையைக்கூடக் கழற்றாமல் பால்செம்போடு வந்தான். மிர்த்தோ எழுந்து, எப்போதும்போலக் காலை அகட்டி நின்றாள்.