அழித்தும் திரும்பாத இடம்

தபால் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிய தேவசகாயம், தன்னைவிட மிகவும் இளையவரான ஒரு பெண்ணிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அவர் பெயர் மெஹர்னிசா. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் குரல் சேமிக்கும் அறை ஒன்றை நடத்திவந்தார். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட வேண்டிய நிலையில் இருப்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அங்கே வந்து பேசுவார்கள். கணினி அதைப் பதிந்துகொள்ளும். பின்னாளில் அவர்கள் தட்டச்சு செய்வதை அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டும்.

அந்த லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் தேவசகாயம் கற்றுக்கொண்டிருந்தார். அவர் மெஹர்னிசாவை டீச்சர் என்றார். மெஹர்னிசா அவரை சார் என்றார்.

ஒருநாள் மாலை அமலோற்பவம் என்ற பெண் வந்தாள். குளச்சல் கடற்கரையில் மீன் விற்பவள். மறுநாள் அவளுக்கு அறுவைச் சிகிச்சை. தேவசகாயம் தாளில் இருந்த வாக்கியங்களைக் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். முடிந்ததும் அவர் நர்சைக் கூப்பிட வெளியே போனார். திரும்பி வந்து, அவளை வார்டுக்கு அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அமலோற்பவத்தை அறுவை அரங்குக்குள் கொண்டுபோயிருந்தார்கள். தேவசகாயம் வேலையில் உட்கார்ந்தார். சில வாக்கியங்களை அவள் தன் வழக்கப்படி மாற்றி வாசித்திருந்தாள். கணினியில் இருந்த வாக்கியப் பட்டியலில் அவற்றை நினைவிலிருந்து அவள் வாசித்தபடியே திருத்தி எழுதி, சேவ் கொடுத்தார். ஆகவில்லை.

தனக்கு அனுமதி இல்லைபோல என்று நினைத்து, நிர்வாகி கணக்கில் நுழைந்து மறுபடி கொடுத்தார். ஆகவில்லை. பிறகுதான் திரையில் வந்திருந்த செய்தியைப் படித்தார். டிஸ்கில் இடம் இல்லை என்றிருந்தது.

எது இடத்தை அடைத்திருக்கிறது என்று தேடினார். வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்பு பூதம்போல் கிடந்தது. யார் பேசினாலும் இவ்வளவு பெரிதாக வராது. ஏதோ பழைய குப்பை என்று அழித்தார். மறுபடி சேவ் கொடுத்தார்.

இடம் இல்லை என்றே வந்தது.

அதன் பிறகு அமலோற்பவத்தின் குரலைத் தேடினார். காணவில்லை. அழித்த கோப்பின் பெயரை நினைத்துப் பார்த்தார். அந்த எண்கள் நேற்றைய தேதி.

மெஹர்னிசா பக்கத்து அறையில் இருந்தார். தேவசகாயம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர். அந்த அம்மா குரலை அழிச்சிட்டேன்.”

மெஹர்னிசா எழுந்தார்.

“வேற எங்கேயாவது காப்பி இருக்கா?”

“இன்னிக்குக் காலையில எடுக்கணும்னு இருந்தேன்.”

“அவங்க எங்கே?”

“உள்ள கொண்டுபோயிட்டாங்க. இனி அவங்ககிட்டயும் அது கிடையாது.”

மெஹர்னிசா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தேவசகாயம் உட்காரவில்லை.

“கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினீங்களா?”

“பண்ணலாம்னு போனேன். கை வரல.”

“நல்லது. எதையும் மூடவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். அழிச்ச பிறகு இடம் திரும்பி வந்துச்சா?”

“அதான் டீச்சர் கொடுமை. பாவமும் பண்ணினேன். பலனும் இல்ல.”

மெஹர்னிசாவின் முகம் தெளிந்தது.

“வாங்க” என்றார்.

கணினி முன்னால் அவரையே உட்காரச் சொன்னார். தான் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு கேளுங்க.”

“முழுசா நிறைஞ்சிருக்குங்குது.”

“இப்போ உள்ளே இருக்கிற ஃபைலை எல்லாம் கூட்டிப் பாருங்க.”

பார்த்தார். “பாதிகூட வரல டீச்சர்.”

“அப்போ மீதி எங்கே?”

அவர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லினக்ஸ்ல அழிக்கிறதுன்னா பேரை எடுக்கிறது, அவ்வளவுதான் சார். ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வெச்சிருந்தா, அது கையை விடுற வரைக்கும் உள்ளே இருக்கிறது போகாது. திறந்திருக்கிற ஃபைல் என்னென்னன்னு பாருங்க.”

அவர் கட்டளையைத் தட்டினார். வரிசையாக ஓடியது. ஒரு வரியின் கடைசியில் ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பு இருந்தது. வரியின் தொடக்கத்தில் இருந்தது, குரலைப் பதியும் புரோகிராமான ரெக்கார்டரின் பெயர்.

தேவசகாயம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து நான் ரெக்கார்டரை நிறுத்தவே இல்ல டீச்சர்.”

“ஆமா.”

“ராத்திரி முழுக்க வெத்து ரூமைப் பதிஞ்சிருக்கு. அதுலதான் டிஸ்க் நிறைஞ்சிருக்கு.”

“ஆமா. அதான் இன்னும் பிடிச்சுக்கிட்டும் இருக்கு.”

ரெக்கார்டர் பிடித்திருந்த கோப்பை எந்த வழியாக எட்டலாம் என்று மெஹர்னிசா சொன்னார். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகினார். தேவசகாயம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தட்டி முடித்தும் பொத்தானை அமுக்காமல் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு. அமுக்குங்க.”

காப்பி ஆகத் தொடங்கியது. பெரிய கோப்பு, மெதுவாகத்தான் நகர்ந்தது. தேவசகாயத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மெஹர்னிசா டீ வரவழைத்து அவர் கையில் கொடுத்தார்.

காப்பி முடிந்தது.

“ரெக்கார்டரை மூடிடவா டீச்சர்?”

“கேட்டுப் பார்த்துட்டு மூடுங்க.”

தேவசகாயம் கணினியிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

அமலோற்பவம் பேசினாள். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றாள். எனக்கு வலி குறைவாக உள்ளது என்றாள். தயவுசெய்து சன்னலைத் திறக்கவும் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. கடைசியில், “முடிஞ்சுதா அண்ணே?” என்றாள். “முடிஞ்சுதும்மா” என்று தேவசகாயத்தின் குரல் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் வந்தது.

அவர் நிறுத்தப் போனார். மெஹர்னிசா கையமர்த்தினார்.

மின்விசிறி ஓடியது. நாற்காலி நகர்ந்தது. அமலோற்பவம் தொண்டையைச் செருமினாள். பிறகு அந்தச் சின்ன அறையில் அவள் கூவினாள்.

“வா மக்களே வா! இப்பக் கரையேறுன சாளை! ஏ புள்ளே, பாக்காமப் போனா எப்படி? செவுளைத் தொறந்து பாரு, செவப்பைப் பாரு! துடிக்கி பாரு மக்களே, துடிக்கி!”

நோயில் கரகரத்த குரல்தான். ஆனாலும் ஸ்பீக்கர் அதிர்ந்தது. கூவி முடித்து அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் மெதுவாக, “போதும்” என்றாள்.

அதன் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெக்கார்டரை மூடினார். டிஸ்கில் இடம் திரும்பியிருந்தது. காலையில் திருத்திய வாக்கியங்களுக்கு சேவ் கொடுத்தார். ஆனது.

அவர் எழுந்திருக்கவில்லை.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“என் முன்னால அந்த அம்மா ஒருதடவைகூட அப்படிப் பேசல. நான் கதவைச் சாத்துற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. நான் எதுவும் தப்பா நடந்துக்கல டீச்சர். மரியாதையாத்தான் கேட்டேன்.”

“தெரியும் சார்.”

“பின்னே ஏன் அந்த வெத்து ரூம்ல போய்க் கூவினாங்க?”

மெஹர்னிசா மேசையில் கிடந்த வாக்கியத் தாளை எடுத்தார். தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதை எழுதினது நான். கொண்டுபோய்க் கொடுத்தது நீங்க. நாம ரெண்டு பேரும் நமக்கு வேண்டியதை அவங்ககிட்ட கேட்டோம் சார். ரெக்கார்டர் ஒன்னுதான் அவங்களைக் கேட்டுது.”