தேவையான நீளம்

முட்டாள் கதைகளில் எப்போதும் விடுபடுகிறவள் பெண். ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து நிலவைப் பிடிக்க வைக்கோல் போரில் ஏணி சாத்துவார்கள். அவள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். அவர்களுடைய அறிவீனத்துக்குச் சாட்சி சொல்வதும், சோறு ஆறுகிறதே என்று கவலைப்படுவதுமே அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. குறையில்லாத முட்டாளாக இருக்கும் உரிமையை எந்தக் கதையும் அவளுக்குக் கொடுத்ததில்லை. தமயந்தி அதை யாரிடமும் கேட்கவில்லை. தானே எடுத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் அவளுக்கு வேலை. பிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் நடந்து நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது என்று நாடே போன் செய்து திட்டும் இடம் அது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தாளில் அச்சிட்டிருப்பதை மட்டுமே பேச வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் தமயந்தி தாளைத் தாண்டி ஒரு சொல் பேசியதில்லை.

"ஏம்மா, பிரிட்ஜ் தீப்பிடிச்சு எரியுது!" என்று ஒருவர் அலறியபோதும் அவள் கலங்கவில்லை.

"உங்கள் சிரமம் புரிகிறது சார். ப்ளக் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா?"

அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் விருது அவளுக்குத்தான் கிடைத்தது. கூடவே ரத்த அழுத்தமும் நூற்று எழுபத்திரண்டு ஆனது.

அவளுடைய குழுவில் இன்னும் மூவர் இருந்தார்கள். தலைவர் கோமதிநாயகம், குடும்பஸ்தர் அருளப்பன், எல்லோருக்கும் இளையவன் சிக்கந்தர். அவர்களுடைய அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. நிர்வாகம் நால்வரையும் நிறுவன மருத்துவர் ஹெப்சிபாவிடம் அனுப்பியது. ஏழாம் நாள் காலையில் அளக்கும்போது நூற்று நாற்பதுக்கு மேல் காட்டுகிறவருக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டது. அந்த வேலையை விட்டால் தமயந்திக்கு வேறொன்றும் தெரியாது; தாள் இல்லாமல் பதில் சொல்லவே தெரியாது.

"குத்தாலத்துல கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் சும்மாதான் கெடக்கு. ஆறு நாள் போய் இருங்க," என்றார் டாக்டர். "போனைக் கண்ணுல படாத இடத்துல வைங்க. நம்ம தாத்தா பாட்டி எல்லாம் ரேடியோ கேட்டாங்க, பறவை பார்த்தாங்க, லெட்டர் எழுதினாங்க, கம்பளி பின்னினாங்க. ஆளுக்கு ஒண்ணை எடுத்துக்கோங்க. எடுத்ததை முடிக்காம கீழ வைக்காதீங்க."

நால்வரும் அதை அப்படியே எழுதி, ஆளுக்கொரு தாளாக மடித்து வைத்துக்கொண்டார்கள்.

குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் போன்கள் பற்றிய ஆலோசனை தொடங்கியது.

"அலமாரியில வைப்போம்," என்றான் சிக்கந்தர்.

"அலமாரியைத் தொறந்தா கண்ணுல படுமேவே," என்றார் அருளப்பன்.

"மெத்தைக்கு அடியில?"

"குனிஞ்சா படும்."

கோமதிநாயகம் நெடுநேரம் யோசித்தார். "இடத்துல என்னவே இருக்கு? படுதது கண்ணுல. அப்பம் கண்ணைத்தான் மாத்தி வைக்கணும்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான்கு போன்களையும் நடுமேசையில் வைத்துவிட்டு, நால்வரும் அதற்கு முதுகு காட்டி நான்கு சுவர்களைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்துத் தமயந்திக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, நம்மள்ல யாராவது திரும்பிப் பார்த்துட்டா எப்படித் தெரியும்?"

"ஒராளு காவல் இருந்து பார்த்துக்கணும்."

"காவலுக்கு இருக்கவங்க போனைப் பார்க்கணுமே?"

"பார்க்காமப் பார்க்கணும்," என்றார் கோமதிநாயகம். அது எப்படி என்று அவரால் சொல்ல முடியாததால் போன்களை ஒரு பானையில் போட்டு, பானையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டம்மா பானைக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் பொழுதுபோக்கு தொடங்கியது. கோமதிநாயகம் ரேடியோவை எடுத்துக்கொண்டார். "நேயர்களுக்கு வணக்கம்," என்றது ரேடியோ.

"வணக்கம், நான் கோமதிநாயகம். உங்க புகார் எண்ணைச் சொல்லுங்க சார்."

ரேடியோ புகார் எண் சொல்லவில்லை. மழை நிலவரம் சொன்னது. அவர் மூன்று முறை கேட்டார், மன்னிப்புக் கோரினார், மேலாளருக்கு இணைப்பதாகச் சொன்னார். ரேடியோ அவரைப் பொருட்படுத்தாமல் வேளாண்மைச் செய்திக்குப் போய்விட்டது. முப்பது ஆண்டுப் பணியில் இப்படியொரு வாடிக்கையாளரை அவர் கண்டதில்லை. நெற்றி நரம்பு புடைத்தது.

சிக்கந்தர் பறவை பார்க்கப் போனான். பறவை வரும்வரை அசையாமல் நிற்கவும் என்று அவன் கொண்டுவந்த பறவைப் புத்தகத்தில் இருந்தது. நின்றான். காகம் ஒன்று வந்து அவன் தலைமேலேயே உட்கார்ந்தது. தலைமேல் இருப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. பார்க்காததால் பறவை வந்ததாக ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. சாயங்காலம்வரை நின்றான். காகத்துக்கு இடம் பிடித்துப்போய்விட்டது.

அருளப்பன் மனைவிக்குக் கடிதம் எழுதினார். தாள் கொடுத்த பழக்கம் பேனாவுக்கும் வந்தது: "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். உங்கள் குறை பதிவு செய்யப்பட்டுள்ளது." நான்காம் நாள் பதில் வந்தது. "இருபது வருசமாப் பதிவுதான் செய்யுதீக. இருபத்துநாலு மணி நேரத்துல தீர்க்கலைன்னா நான் வேற கம்பெனிக்கு மாறுதேன்." அருளப்பன் படித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

தமயந்தி கம்பளி பின்னினாள். இரண்டு ஊசி, ஆறு நூல்கண்டு, ஒரு பழைய கையேடு. முதல் வரிசை இருபது கண்ணி. இரண்டாவது வரிசை முதல் வரிசையைப் போலவே. பிறகு இப்படி இருந்தது: தேவையான நீளம் வரும்வரை இதையே தொடரவும், முடியும்வரை நூலையோ பின்னலையோ அறுக்கக் கூடாது.

அவள் நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு தெளிவான ஒரு தாளை அவள் வாழ்க்கையில் படித்ததில்லை. எதிர்முனையில் யாரும் கத்தவுமில்லை. ஒரு முழம் வளர்ந்தது, ஒரு ஆள் உயரம் வளர்ந்தது. மூன்றாம் நாள் வாசற்படியில் இறங்கியது.

"அண்ணாச்சி, தேவையான நீளம்னா எவ்வளவு?"

"யாருக்குத் தேவைங்கதப் பொறுத்தது."

"யாருக்குத் தேவை?"

"எனக்கு வேண்டாம்க்கா, அரிக்கும்," என்றான் சிக்கந்தர். அருளப்பனுக்கும் வேண்டாம். கோமதிநாயகம் முடிவைச் சொன்னார்: "யாருக்கும் தேவையில்ல. அப்பம் தேவையான நீளம் இன்னும் வரலைன்னுதானே அர்த்தம்? பின்னு தாயி."

நூல் தீர்ந்தது. ஆண்கள் மூவரும் தங்கள் குரங்குக் குல்லாக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு சால்வைகள் போயின. ஐந்தாம் நாள், கடைத்தெருவில் கம்பளி விற்கும் நேபாளக்காரரே மிச்சமிருந்த சரக்கை மூட்டையோடு தூக்கிவந்து, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று மத்தியானம் ஒரு குரங்கு பின்னலின் மறுமுனையைப் பிடித்து இழுத்துப்போய், அருவிச்சாலையிலுள்ள பலாமரத்தில் மேலும் கீழுமாகப் பதினேழு சுற்றுச் சுற்றியது. வெட்டாமல் எடுக்க வழியில்லை. வெட்டக்கூடாது என்பது தாளின் கட்டளை. ஆகவே மறுமுனை மரத்திலேயே இருந்தது.

ஏழாம் நாள் காலை டாக்டர் ஹெப்சிபா கருவியோடு வந்தார். கோமதிநாயகத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. அருளப்பனுக்கு அதற்கும் மேல். சிக்கந்தரை அளக்கக் காகம் விடவில்லை.

தமயந்தியின் முறை வந்தது. அவளுடைய ஊசி நிற்கவில்லை.

"கையைக் கொஞ்சம் சும்மா வைம்மா."

"நீளம் வரலை டாக்டர்."

"எதுக்கு நீளம்?"

"அதுதான் தெரியலை. தெரியாதவரைக்கும் கவலையுமில்லை."

தாளில் இல்லாத ஒரு பதிலை அவள் சொன்னது அதுவே முதல்முறை. ஆடிக்கொண்டிருந்த கையிலேயே டாக்டர் பட்டையைச் சுற்றினார். காற்றை அடித்தார். இறக்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார்.

"நூத்திப் பதினெட்டு! என் சர்வீஸ்ல இப்படி எறங்கிப் பார்த்ததில்லை. தமயந்தி, நீங்க இதையே தொடரணும், என்ன? ஒரு நாள்கூட விட்டுறக் கூடாது."

"சரி டாக்டர்," என்றாள் தமயந்தி. மருத்துவம் படித்தவர்களும் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று பார்த்துப் பேச வேண்டும்.

அவள் வேலை தப்பியது. அதோடு நில்லாமல், அமைதிக்கு இப்படியொரு முன்மாதிரியா என்று வியந்த நிர்வாகம், சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஊழியர்களுக்கு மனநிம்மதி கற்றுக்கொடுக்கும் தலைமைப் பயிற்சியாளராக அவளை உயர்த்தி, உடனே வந்து சேரும்படி உத்தரவு அனுப்பியது. மற்ற மூவருக்கும் இன்னும் ஆறு நாள் தவணை கிடைத்தது.

பின்னலின் ஒரு முனை பலாமரத்தில், மறுமுனை அவள் கையில். பின்னல் வளரும் வேகத்தில் ரயில் போகாது. ஆகவே பின்னல் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு நடப்பது என்று தீர்மானித்துத் தமயந்தி சென்னைக்குப் புறப்பட்டாள். நூல்கண்டுகளைச் சிக்கந்தர் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

கடையநல்லூரை அவள் போன மாதம் தாண்டினாள். அவள் கடந்துபோன ஊர்க்காரர்கள் பின்னலில் துணி காயப்போடுகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. அழுத்தம் நூற்றுப் பத்து. சென்னை நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. ஒரு அதிகாரியை அனுப்பி அவள் நடக்கும் வேகத்தை அளந்து பார்த்தது. அவள் ஓய்வுபெறும் நாளன்று மாலை ஐந்து மணிக்குச் சரியாக அலுவலகம் வந்து சேர்வாள் என்று தெரிந்ததும், வரவேற்பு விழாவையும் வழியனுப்பு விழாவையும் ஒரே மேடையில் வைத்துக்கொள்ள அந்த நாளுக்கே மண்டபம் பிடித்துவிட்டது.