மாமனார் வண்டியின் டேங்க்

புளியரைக்குளத்தில் புத்திக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. யாராவது எடுத்துச் செலவழித்தால்தானே பஞ்சம் வரும்? அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள் பலவேசம், கொம்பையா, மாடக்கண்ணு என்ற மூன்று பேர். மூவரும் தங்கமான பிள்ளைகள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள கஷ்டமே அது ஒன்றுதான்.

பலவேசத்துக்குக் கீழப்பட்டி பூவலிங்கத்தின் மகள் பேச்சியம்மாளை நிச்சயம் செய்திருந்தார்கள். பேச்சி என்றால் பலவேசத்துக்கு உயிர். நிச்சயத்தன்று அவள் இவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இவன் சோற்றில் குழம்பு ஊற்றுவதற்குப் பதில் செம்புத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, உப்பு சரியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு தின்றான்.

பூவலிங்கம் அப்போதுதான் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். நல்ல சிவப்பு. டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. பேரனுக்குக் காது குத்து என்று குடும்பத்தோடு பம்பாய்க்குப் புறப்பட்டவர், வண்டியைக் கொண்டுவந்து மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"மாப்ளே, நாங்க வர்ற வரைக்கும் வண்டி இங்கனயே நிக்கட்டும். டேங்குல மட்டும் ஒரு கீறல் விழக் கூடாது. விழுந்துச்சுன்னு வைங்க, பேச்சிய மறந்துருங்க. ஒரு டேங்கப் பாத்துக்கத் தெரியாதவருக்கு நான் எப்படிப் பொண்ணக் குடுக்க?"

"நியாயந்தான் மாமா" என்றான் பலவேசம்.

அவர் போனதும் மூவரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்து டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் வரை கீறல் எதுவும் வரவில்லை.

"என்னலே, இன்னும் வரக் காணோமே?" என்றான் கொம்பையா.

"நாமதான் முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோமே, எப்படி வரும்? அசந்த நேரமாத்தான் வரும்" என்றான் மாடக்கண்ணு.

"சரி, அது எங்கேருந்து வருது?" என்றான் பலவேசம்.

இது மூவருக்குமே தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதுதானே முறை? மறுநாள் வண்டியை டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் ஜெபராஜ் ஒரு இன்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"தம்பிகளா, டேங்குக்கு எதிரி மூணு. பெல்ட்டு பக்கிள், பேண்டு ஜிப்பு, சாவி. மூணையும் டேங்குப் பக்கமே அண்ட விடாதீங்க. தூசி விழுந்தா வறட்டுத் துணியப் போட்டுத் தேய்க்காதீங்க, தண்ணி ஊத்திக் கழுவுங்க. மேல ஒரு ஸ்டிக்கர் தாள் ஒட்டித் தாரேன். அப்புறம் கீறினாக்கூட ஒண்ணும் ஆகாது."

சொன்னபடி கண்ணாடி போல ஒரு தாளை டேங்கின் மேல் ஒட்டியும் கொடுத்தார். பாவம், நல்ல மனுஷர். யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

பலவேசம் அங்கேயே பெல்ட்டைக் கழற்றிக் கொம்பையா கழுத்தில் போட்டான். சாவியை மாடக்கண்ணு கையில் கொடுத்துத் தூரப் போகச் சொன்னான். மாடக்கண்ணு தெருக்கோடி வரை போய், சாவியை உயரத் தூக்கிக் காட்டினான். அதற்குப் பிறகு பலவேசம் வண்டியை உதைத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான்.

"சாவி போடணும்லா?" என்றான் கொம்பையா.

"சாவி டேங்குப் பக்கம் அண்டக் கூடாதுன்னு சொன்னாருல்லா?"

"சாவி இல்லாம வண்டி எப்படிலே ஓடும்?"

"ஓடாது. ஓடாத வண்டிக்குக் கீறல் எப்படி விழும்? அந்த மனுஷன் எவ்வளவு தூரம் யோசிச்சிருக்காரு பாரு!"

மெக்கானிக்கின் அறிவை மெச்சிக்கொண்டே வண்டியைத் தள்ளினார்கள். பஸ் ஸ்டாண்டு அருகே வரும்போது, பெல்ட் இல்லாத பேண்ட் இடுப்பை விட்டு இறங்கத் தொடங்கியது. பலவேசத்தின் இரண்டு கையும் ஹேண்டில்பாரில். கையை எடுத்தால் வண்டி சாயும், வண்டி சாய்ந்தால் டேங்க் போகும், டேங்க் போனால் பேச்சி போவாள். பேண்ட் போனால் பேண்ட் மட்டும்தான் போகும். பலவேசம் பேண்டை விட்டுவிட்டான். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பஸ்ஸை மறந்துவிட்டது.

"ஜிப்பும் தொலைஞ்சுது. மூணு எதிரியும் ஒழிஞ்சான்" என்று கொம்பையா அவன் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம். "கீறினாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னாரு. கீறிப் பாத்தாத்தானே தெரியும்?" என்று அரைஞாண் கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றித் தாளின் மேல் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தான். குனிந்து பார்த்தார்கள். டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மூவரும் கைதட்டினார்கள். திடீரென்று பலவேசத்தின் முகம் சுண்டிப்போனது.

"ஐயையோ, தாள்ல கீறல் விழுந்துருச்சேலே!"

"தாள்தானடா?"

"இன்னைக்குத் தாள்ல விழுந்தது நாளைக்கு டேங்குல விழாதா? தாளுக்கும் ஒரு காவல் வேணும்."

தாளுக்குக் காவலாகப் போர்வையைச் சுற்றினார்கள். போர்வை கிழிந்தால்? சாக்கைச் சுற்றினார்கள். சாக்குக்கு மேல் பலவேசத்தின் மெத்தை, மெத்தைக்கு மேல் ஒரு கட்டு வைக்கோல், எல்லாவற்றுக்கும் மேல் தேங்காய்நார்க் கயிறு. டேங்க் சினைமாட்டு வயிறு போல ஆனது. வைக்கோல் மேல் தூசி விழுந்தது. தூசி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியுமே! காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

வைக்கோலில் ஒட்டிக்கிடந்த நெல்மணிகள் சும்மா இருக்குமா? முளைத்துவிட்டன. மாமனாரின் சிவப்பு டேங்க் பச்சைப்பசேல் என்று காற்றில் ஆடியது.

"உரம் வைக்கணுமோ?" என்று கேட்டான் மாடக்கண்ணு.

"மெக்கானிக் அதச் சொல்லல. அவர் சொல்லாததச் செய்யாத" என்று பலவேசம் அதட்டினான்.

பச்சையைக் கண்டு ஆடுகள் வந்தன. ஒரு கிடா சீட்டின் மேல் முன்னங்காலை வைத்து நின்று மேய்ந்தது. அதன் கொம்பைப் பார்த்ததும் பலவேசம் ஓடிப்போய் அதை விரட்டினான். வண்டியை உடனே வீட்டுக்குள் ஏற்றுவது என்று முடிவானது. ஆனால் வாசல் குறுகல், டேங்கோ அகலம்.

"டேங்க ஒடுக்க முடியாது, கீறிரும்" என்றான் கொம்பையா யோசித்து. "வாசலத்தான் அகலமாக்கணும்."

கடப்பாரை வந்தது. வாசல் தாராளமாக அகலமானது. வண்டி உள்ளே போனது. அப்புறம் கூரையும் ஆற அமர யோசித்து உள்ளே வந்தது. வண்டியின் கண்ணாடி, விளக்கு, மீட்டர் எல்லாம் நொறுங்கின. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டது. மூவரும் ஓட்டுக் குவியலை விலக்கி, பதறிப்போய்ப் பார்த்தார்கள். டேங்கின் மேல் மெத்தை மெத்தையாகவே இருந்தது. பலவேசம் இடிந்த வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதான்.

அந்த நேரம் பார்த்துப் பூவலிங்கம் மகளோடு வந்து நின்றார். வீட்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், முறுக்கிய ஹேண்டில்பாரைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். டேங்கு?" என்றார்.

கத்தி பட்டால் ஆபத்து என்று முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்கள். வைக்கோல், மெத்தை, சாக்கு, போர்வை எல்லாம் ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் தாளை உரித்தார்கள். அன்று கடையில் இருந்து வந்த மாதிரியே டேங்க் பளபளத்தது. பூவலிங்கம் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, இண்டு இடுக்கு விடாமல் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"மாப்ளே, ஒரு கீறல் இல்ல! தை மாசமே கல்யாணத்த வச்சிருவோம்."

பேச்சி தலையைக் குனிந்து சிரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், மாடக்கண்ணு மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"மாமா, இப்பக் கீறல் இல்ல, சரி. நீங்க கொண்டு போற வழியில கருவேலமுள்ளு கீறிருச்சுன்னா? அப்புறம் எங்க பலவேசம் கீறிட்டான்னு சொல்ல மாட்டீகன்னு என்ன நிச்சயம்?"

பூவலிங்கம் தாடையைத் தடவினார்.

"நல்ல கேள்வி. என் புத்தியும் ஒரு நேரம் போல இருக்காது. எழுதி வச்சுக்கிடுங்க."

"பேப்பர் கிழிஞ்சுரும்" என்றான் கொம்பையா. "டேங்கு மேலயே எழுதிருவோம்."

"பேனாவா? மழை பெஞ்சா அழிஞ்சுருமே" என்றார் பூவலிங்கம். சுற்றிலும் தேடி, இடிந்த கதவுச் சட்டத்தில் இருந்து நீளமாக ஒரு ஆணியை அவரே பிடுங்கிக் கொடுத்தார்.

கொம்பையாவுக்கு எழுத்து முத்து முத்தாக வரும். டேங்கை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி செதுக்கினான்: 'இந்த டேங்கில் ஒரு கீறல் கூட இல்லை.'

"நல்லா அழுத்தி எழுதச் சொல்லுங்க" என்றாள் பேச்சி. அவள் பலவேசத்திடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அழிஞ்சு போச்சுன்னா எங்கப்பா மாத்திப் பேசிருவாவ."

தன் மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று பலவேசம் உருகிப்போனான். கொம்பையா இன்னொரு தரம் ஆழமாக இழுத்தான். பூவலிங்கம் கண்ணாடியைப் போட்டு வாசித்து, திருப்தியோடு ஆணியை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்துப் பலவேசம் போட்டான். சாட்சி என்று கொம்பையா போட்டான். மாடக்கண்ணு ஆணியை வாங்கும்போது இடம் தீர்ந்துவிட்டது. யோசனை சொன்ன தனக்கே இடம் இல்லையா என்று அவனுக்கு முகம் தொங்கிப்போனது.

பூவலிங்கம் அவன் தோளில் கை போட்டார்.

"இதுக்குப் போயி ஏன்யா சங்கடப்படுதீரு? டேங்குக்கு அந்தப் பக்கம் பூராவும் சும்மாதான கெடக்கு! அங்க போயி, ஊர்ப் பேரெல்லாம் சேத்து, பெருசா எழுதும்."