நாற்சந்தியில் ஒரு தூண்

"ஒரு இஸ்திரி வண்டி நிக்கணும்னு ரயிலைப் பூமிக்குள்ள விடச் சொல்றியா? ஒரு இஸ்திரி வண்டிக்காகவா?"

மண்டலத் தலைவர் தணிகாசலம் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மைக் கையில் கிடைத்துவிட்டால் மனிதருக்கு அலுக்கவே அலுக்காது.

ரயில் பாதை பாலத்தின் மேலா, சுரங்கத்துக்குள்ளா என்று ஊராரைக் கேட்பதற்குத்தான் கல்யாண மண்டபத்தில் அந்தக் கூட்டம். பாலம் என்றால், நாற்சந்தியில் பாக்கியத்தாயின் வண்டி நிற்கும் இடத்தில்தான் தூண் இறங்கும். அவள் பிழைப்பு போய்விடும்.

"என்னை விடுங்க தலைவரே," என்றாள் பாக்கியத்தாய். "உங்க கட்-அவுட்டை நெனைச்சாத்தான் மனசு கேக்கல. வருஷா வருஷம் பொறந்த நாளுக்கு நாற்சந்தியில வானத்தை முட்டிக்கிட்டு நிப்பீங்க. பாலம் வந்தா ரயில் உங்க கழுத்துக்குக் குறுக்கேல்ல போகும்!"

"சின்னதா வெச்சாப் போச்சு," என்றார் தலைவரின் கையாள் ஒருவர்.

"தாராளமா வைங்க. எதிர்க்கோஷ்டிக்காரர் அடுத்த தெருவுல பெருசா வெச்சுக்கட்டும்."

மண்டபமே சிரித்தது. தலைவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "மக்கள் நலன் கருதி, சுரங்கம்தான்!" என்று முழங்கினார்.

என்ஜினியர் எழுந்து நின்று கையைப் பிசைந்தார். "சார், மேலிடத்துல காரணம் கேப்பாங்களே. என்னன்னு சொல்றது? யாராவது சொல்லுங்களேன்."

எல்லாரும் திடீரென்று டிபன் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமானார்கள்.