அம்பு காட்டிய பக்கம்

கப்பல் வேலையை விட்டு இறங்கி ஒன்பது வருடம் ஆகிறது. தூத்துக்குடி வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடத் தொடங்கினால், ரொட்ரிகோ செய்யும் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுப்பார். மரைக்காயரின் ஞாபகம் வந்துவிடும்.

அந்தக் கப்பலில் மரைக்காயர் சீஃப் என்ஜினியர். ரொட்ரிகோ மூன்றாவது என்ஜினியர். வயதில் ரொட்ரிகோதான் இரண்டு வருடம் மூத்தவர். ஆனாலும் அவர் தொழில் கற்றுக்கொண்டது மரைக்காயரிடம்தான்.

ஒருமுறை நங்கூரத்தில் கிடந்தபோது, என்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பைப் பிரித்து மாட்டினார்கள். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாட்டியது ஃபிட்டர் ஞானமுத்து. பம்ப் ஓடியது. பிரஷர் பாதிதான் ஏறியது. மாற்று பம்ப் ஒன்று இருந்தது. ஆனால் அதை மட்டும் நம்பிக் கப்பலை எடுக்க கேப்டனுக்கு மனமில்லை.

"ஃபிட்டர் ஞானமுத்து இம்பெல்லரைச் சரியா மாட்டலை" என்று ரொட்ரிகோ கேப்டனிடம் சொல்லிவிட்டார். அடுத்த துறைமுகத்தில் அவரை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார் கேப்டன். ஞானமுத்து அன்றைக்கே சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

மரைக்காயர் ஜெனரேட்டர் வேலையில் மூழ்கியிருந்தார். ரொட்ரிகோ இரண்டு நாள் தனியாக முட்டி மோதிவிட்டு அவரிடம் போனார்.

"பிடிபடலை, சார்."

"என்னென்ன பாத்தீங்க?"

"ஸ்ட்ரெய்னர் வலை சுத்தமா இருக்கு. வால்வெல்லாம் முழுசாத் திறந்திருக்கு. எங்கேயும் காத்து இழுக்கலை. இம்பெல்லரை ரெண்டு தடவை கழட்டிப் பாத்தாச்சு."

"மோட்டார்?"

"அது நான் மாட்டினது, சார்."

மரைக்காயர் எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயாவைக் குடித்து முடித்தார். பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஓடிக்கொண்டிருந்த பம்பின் உடம்பில் ஓரிடத்தைச் சுரண்டினார். பல வருடப் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில், இரும்போடு வார்த்த அம்புக்குறி ஒன்று தெரிந்தது.

"பம்பை நிறுத்துங்க."

ரொட்ரிகோ நிறுத்தினார். பம்பைச் சுழற்றும் தண்டு வேகம் குறைந்து, குறைந்து, கண்ணுக்குப் பிடிபடும் அளவுக்கு வந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அம்பு காட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் இரண்டு இடம் மாறி, அதை எதிர்ப்பக்கம் சுற்ற வைத்திருந்தன. மாட்டியது ரொட்ரிகோவின் கை. அவரே மின்சாரத்தைத் துண்டித்தார். அவரே மாற்றி இணைத்தார். பம்ப் கிளம்பியது. பிரஷர் முள் ஏறி, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. ரொட்ரிகோ கையைத் துடைத்துக்கொண்டு ஏணிப் பக்கம் திரும்பினார்.

"இப்பவே போய் ஞானமுத்துகிட்ட மன்னிப்பு கேட்டுடுறேன், சார்."

மரைக்காயர் கத்தியை மடக்கினார்.

"அவர்கிட்ட அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல மேல போங்க, கேப்டன்கிட்ட. அவரைப் பத்தி அங்கதானே சொன்னீங்க?"