பெயருக்கு முன்னால்

"மனா, ஒரு வாரமா மென்னு துப்புறேன். இன், அன், ஹி... இந்தப் பொடிச் சொல்லையெல்லாம் தூக்கிப் போடுங்க. கயிறு, நங்கூரம், சோறு, கெட்ட வார்த்தை நாலு. அது போதும் எனக்கு."

சமார் தீவில், துறைமுகத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டான் கஸ்பார். தூத்துக்குடிக்காரன். காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கடை மனா லுதிங்குடையது. மனா என்றால் அங்கே அக்கா. சிங்கப்பூரில் தமிழர் வீட்டில் வேலை பார்த்துப் பாதி ஆயுளைக் கழித்தவள். அந்தத் தீவின் வாராய் மொழி கேட்டு வரும் மாலுமிகளுக்கு அடுப்படியிலேயே பாடம்.

"என்ன அவசரம்?"

"சாயங்காலம் கப்பல் கிளம்புது. அதுல எல்லாரும் உங்க ஊர்க்காரனுக. அவனுகள வேலை வாங்கணும்."

"போயே ஆகணுமா?"

கஸ்பார் கடலைப் பார்த்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான். வாட்டிய மீன் ஒன்று அவன் பக்கமாக மணத்தது.

"பசிக்குது. இஸ்டா" என்றான்.

மனா காதில் வாங்கவில்லை. விசிறிக்கொண்டிருந்தாள்.

"மீனுதான கேட்டேன்! இன் இஸ்டா."

பூனைக்கு எடுத்து வைத்திருந்த மீன் தலையைத் தூக்கி அவன் தட்டில் போட்டாள்.

"என்ன மனா இது?"

"ஏதோ ஒரு மீனுன்னு கேட்ட. இதுவும் மீனுதான்."

கஸ்பார் தலையைச் சொறிந்தான். அடுப்பைக் காட்டினான்.

"அன் இஸ்டா."

நீ பார்த்த, நான் பார்த்த, அந்த மீன். வாழையிலையோடு வந்தது.

"சரி, இது ரெண்டும் வயித்துல ஏறிருச்சு" என்று சிரித்தான். "ஹி எதுக்கு?"

"மனுசன் பேருக்கு முன்னால வரும். பேர் வர்ற வரைக்கும் அது அந்தரத்துலயே நிக்கும்." மனா எதிரே உட்கார்ந்தாள். "ஊர்ல யாரு இருக்கா உனக்கு?"

"ஒரு வீடு இருக்கு. ஒரு பொண்டாட்டி இருந்தா, போய்ச் சேந்துட்டா. அடக்கத்துக்கு நான் போகல, நடுக்கடல்ல கிடந்தேன். ஒரு மக இருக்கா."

"ஒரு மகளா? உங்க ஊர்ல மகளைக் கூடையில போட்டு விக்கிறாங்களா? ஏதோ ஒண்ணுன்னு அள்ளிட்டு வர?"

அவன் முள்ளைப் பிரித்தான்.

"கல்யாணம் வச்சிருக்காக. கோயில்ல ரெண்டு வாரம் கல்யாண ஓலை வாசிச்சாச்சாம். மச்சான் போன்ல சொன்னான். மூணாவது ஓலை வர்ற ஞாயித்துக்கிழமை, அதுக்கப்புறம் தாலி."

"கூப்பிட்டாங்களா?"

"அவ பேசல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ முன்னால போய் நிப்பேன்? கப்பலே மேல். அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

மனா ஈயை விரட்டினாள்.

வெளியே சங்கு ஊதியது. அவனுடைய கப்பல்.

கஸ்பார் எழுந்தான். பையைத் தோளில் மாட்டினான். வாசல் வரை போனான்.

"பாடம் முடியல. ஒரு சொல்லை அந்தரத்துல விட்டுட்டுப் போற" என்றாள் மனா.

"எதை?"

"ஹி."

திரும்பி வந்தான். உட்காரவில்லை.

"ஹி..." என்றான்.

மனா காத்திருந்தாள்.

"ஹி..."

மறுபடி சங்கு. கடைக்கு வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வாசலைப் பார்த்தான். எத்தனையோ துறைமுகத்தில் சொல்லாமல் காப்பாற்றி வைத்த பேர்.

"ஹி பிலோமி. எம் மக" என்றான்.

சொன்னதும் பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

மனா மிச்ச மீனை இலையில் மடித்துக் கட்டினாள்.

"இதை வச்சுக்கோ. ஊருக்கு பிளேன் பிடிக்க செபு போற படகுல சாப்பாடு நல்லா இருக்காது."